இருந்து கொடுத்த முகம்

போன மாதம், நான் ஓய்வு பெற்ற சிட்னிக் கல்லூரியில் இன்னும் வேலை செய்யும் இரண்டு பெண்கள் தொலைபேசி எடுத்தார்கள். முதலாம் ஆண்டு ஓவிய வகுப்புக்கு இனிப் பார்த்துக் கீற உயிருள்ள ஆள் தேவையில்லையாம். பெரிய திரையில் ஒரு மனிதன் நிற்கிறானாம், விசையைத் தட்டினால் சுழல்கிறானாம். அவனுக்குக் கால் விறைக்காது, தும்மல் வராது, தேநீருக்கு ஐந்து நிமிடம் விடத் தேவையில்லை. “நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதப் போகிறோம். எங்களில் கனகாலம் இருந்தவர் நீங்கள்தான். உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள்” என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த அரைப் பக்கத்தில் சொல்ல முடியாததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இப்படி ஒரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது. படம் கீறப் பழகுகிறவர்களுக்கு முன்னால் ஒரு கதிரையில் அசையாமல் இருக்க வேண்டும். அவர்கள் பார்த்துக் கீறுவார்கள். அதற்குச் சம்பளம். ஆங்கிலத்தில் ‘மொடல்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு ஒரேயொரு எண்ணம்தான் வரும், அதுவும் உடுப்பில்லாத எண்ணம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருபத்தாறு வருடமும் நான் உடுப்போடுதான் இருந்தேன். சேட்டு, காற்சட்டை, குளிர்காலத்தில் ஒரு கம்பளிச் சட்டை. உடுப்பில்லாமல் இருப்பவர்களுக்கு மேல்மாடியில் வேறு வகுப்பு, வேறு ஆட்கள். நல்ல மனிதர்கள், இடைவேளையில் என்னோடு சேர்ந்துதான் தேநீர் குடிப்பார்கள். ஆனால் நான் கீழ்மாடியோடு நின்றுவிட்டேன் என்பதை சிட்னியில் உள்ள யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் யார் வீடு வீடாகப் போய் விளக்குவது?

ஊரில் நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவன். சிட்னிக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன், அது மூடப்பட்டது. பிறகு அந்தக் கல்லூரியில் துப்புரவு வேலை கிடைத்தது. ஒருநாள் காலை வகுப்புக்கு இருக்க வேண்டியவர் வரவில்லை. ஓவிய ஆசிரியை டொரத்தி வெளியே வந்து, வாளியும் துடைப்பமுமாக நின்ற என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “இருபது நிமிடம் அசையாமல் இருக்க முடியுமா?” என்று கேட்டாள். இருந்தேன். அந்த இருபது நிமிடம் இருபத்தாறு வருடமாகும் என்று யார் கண்டது?

வீட்டில் என் மனைவி பவளத்திடம் “கொலிஜ்ஜில வேறை வேலைக்கு மாத்திப் போட்டாங்கள், இனிப் பிள்ளையளோடதான் வேலை” என்று சொன்னேன். அது பொய்யில்லை. அவள் அதைக் கோயிலில் நாலு பேருக்குச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவர் என்னை, வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல, “மாஸ்டர்” என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. பவளத்தின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் திருத்துவது? துடைப்பம் பிடித்தவனின் மனைவியாக அவள் எத்தனை கூட்டங்களில் ஒதுங்கி நின்றிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனுமில்லை, என் புளுகு எட்டு நாளில் முடியவுமில்லை. கழுத்தில் ரை கட்டி, கைப்பெட்டி கொண்டு, வென்ட்வேர்த்வில்லில் ஒவ்வொரு காலையும் ரயில் ஏறினேன். கைப்பெட்டிக்குள் சோற்றுப் பாத்திரமும் முதுகுக்கு வைக்கும் சிறு தலையணையும்.

டொரத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லியான நெட்டைப் பெண், எப்போதும் ஒரே சாம்பல் நிற ஏப்ரன், அதன் பையில் கம்பளி பின்னும் நீண்ட ஊசி ஒன்று. அவள் ஒருவரையும் பாராட்டி நான் கேட்டதில்லை, திட்டியும் கேட்டதில்லை. மாணவரின் பின்னால் வந்து நிற்பாள். ஒரு நிமிடம் கழித்து, “திரும்பப் பார்” என்பாள். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்கு அழுத ஆண்பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாலு கிழமையும், ஒரு மாதம் முழுவதும், பென்சில்தான். வெள்ளைப் பீங்கானில் அவித்த முட்டை ஒன்று, பக்கத்தில் ஒரு விளக்கு. அழிறப்பர் கூடாது. பிழையாகக் கீறினால் அது அங்கேயே கிடக்க, பக்கத்தில் சரியான கோட்டைக் கீற வேண்டும். கடினமான பென்சிலில் தொடங்கி மெதுமெதுவாகக் கறுப்புப் பென்சிலுக்குப் போவார்கள். வெள்ளை முட்டையில் எத்தனை சாம்பல் நிறம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாலு கிழமையும் போய்விடும். சிலர் முட்டையோடேயே வெறுத்துப்போய், அடுத்த கிழமை வகுப்புக்கு வரமாட்டார்கள்.

அதற்குப் பிறகு கரி. மெல்லிய மரக்குச்சியைச் சுட்டெடுத்த கரி, கையில் பிடித்தாலே முறியும். டொரத்தி முதலில் தாள் முழுவதும் கரியைப் பூசித் துணியால் தேய்க்கச் சொல்வாள், தாள் மழை இருட்டுப்போல ஆகும்வரை. பிறகு களிமண்போலப் பிசையக்கூடிய அழிறப்பரால் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். நெற்றி, மூக்கின் மேற்பக்கம், கீழுதடு. இருட்டை இன்னும் இருட்டாக்கக் கரி, வெளிச்சத்துக்கு அழிறப்பர். “அவருடைய மூக்கைச் சுற்றிக் கோடு இருக்கிறதா? போய்ப் பார்” என்பாள். மாணவர்கள் உண்மையாகவே எழுந்து வந்து என் மூக்கைக் கிட்டப் பார்ப்பார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன்.

என் பக்கத்து வேலைக்கும் ஒழுங்கு இருந்தது. கதிரைக் கால்களைச் சுற்றி நிலத்தில் நாடா ஒட்டுவார்கள். என் சப்பாத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போடுவார்கள். இடைவேளைக்கு எழும்பிப் போனாலும் திரும்பி வந்து அதே கோட்டுக்குள் கால் வைக்கவேண்டும். எதிர்ச் சுவரில் ஒரு ஆணி, என் கண் அந்த ஆணியில். முதல் ஐந்து நிமிடமும் சுகம். பத்தாவது நிமிடம் மூக்கு நுனி அரிக்கும். பதினைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு இடது கால் உங்களுடையது இல்லை. இன்னொரு விதியும் உண்டு: படம் முடியும்வரை நான் அதைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அடுத்த முறை என் முகம் அந்தப் படத்தைப்போல இருக்கப் பார்க்குமாம். டொரத்தி சொன்னது சரிதான். எந்தக் கழுதைக்கும் தன் படம் அழகாக வரவேண்டும் என்றுதான் ஆசை.

நான் ஓய்வு பெற்ற வருடம், கரி வகுப்பு தொடங்கிய நாள். ஆணியைப் பார்த்தபடி இருக்கிறேன். ஒரு பெண் குரல், “ஐயோ” என்றது. எங்கள் ஐயோ. கண்ணை அசைத்துவிட்டேன், இருபத்தைந்து வருடத்தில் செய்யாத குற்றம். மூன்றாவது ஈசிலுக்கு, தாள் நிறுத்தும் அந்த மரச்சட்டத்துக்கு, பின்னால், கையில் கரியோடு, நாற்பது வயது மதிக்கத்தக்க எங்கள் பெண் ஒருத்தி.

இடைவேளையில் அவள் என்னிடம் வந்தாள். “அங்கிள், நீங்கள் மாஸ்டர் எல்லோ? பவளம் ஆன்ரியின்ர...”

“ஓம் பிள்ளை” என்றேன். வேறு என்ன சொல்ல?

பெயர் சுகந்தி. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அவளுடைய மாமியாரும் பவளமும் ஒரே கோயிலில் பஜனை பாடுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதற்கும் தவளையும் செம்பரத்தம்பூவும் கீறிக் கொடுத்தவளாம். பிறகு இடம்பெயர்வு, கலியாணம், பிள்ளைகள். இப்போதுதான் கணவன் ஒரு வருடம் விட்டிருக்கிறான். “ஒரு வருசம் பாரும், பாஸ் பண்ணினால் மிச்சத்தையும் படியும், இல்லையெண்டால் திரும்ப முழுநேர வேலைக்குப் போக வேணும் எண்டவர் அங்கிள். அவரும் பாவம், ஒரு ஆளின்ர சம்பளத்தில எவ்வளவெண்டு இழுக்கிறது?” என்றாள். 

நான் கேட்டது ஒன்றுதான். “பிள்ளை, என்னை இஞ்ச கண்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“சீச்சீ, நான் ஏன் அங்கிள் சொல்லுறன்?”

சொல்லவில்லை. ஆனால் அவளால் என்னைக் கீறவும் முடியவில்லை. நான் வகுப்புக்குள் வந்தால் எழும்பி நிற்பாள், அவளைப் பார்த்து ஒரு சீனப் பெடியனும் எழும்பத் தொடங்கினான். நான் இருமினால் கரியை வைத்துவிட்டு, “தண்ணி வேணுமே அங்கிள்?” என்பாள். பெரியவர்களின் முகத்தை உற்றுப் பார்க்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். கணக்காக அரை வினாடி பார்ப்பாள், உடனே தலையைக் குனிந்துகொள்வாள். என் சேட்டுப் பொத்தான்களை அச்சொட்டாகக் கீறினாளாம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் முட்டை.

டொரத்தி ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் எல்லாப் படங்களையும் நிலத்தில் பரப்பி, மாணவர் எல்லோரையும் சுற்றி நடந்து பார்க்கச் சொல்வாள், நான் கதிரையிலேயே இருப்பேன். ஒருநாள் சுகந்தியின் கால் ஒரு படத்தில் பட்டுவிட்டது. என் முகம் உள்ள படம். அவள் துடித்துப்போய்க் குனிந்து, தாளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். விரலெல்லாம் கரி. நிமிர்ந்தபோது இரண்டு இமையிலும் கண்மை தீட்டியதுபோலக் கறுப்பு. வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்துவிட்டாள். டொரத்தி சிரிக்கவில்லை. அது என்ன என்று என்னிடம் கேட்டாள். எழுத்தும் படமும் காலில் பட்டால் அப்படிச் செய்வோம் என்றேன். “கும்பிடுகிற பொருளை எப்படி அளக்கிறது?” என்றாள். பதிலை எதிர்பார்க்காமல் போய்விட்டாள்.

அடுத்த வகுப்பில் பின்னல் ஊசியைச் சுகந்தியின் கையில் கொடுத்தாள். தன் இடத்தில் நின்றபடி கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஊசியின் நுனியை என் நெற்றிக்கு நேரே வைத்து, ஊசியின்மேல் பெருவிரலை என் நாடிக்கு, அதாவது முகவாய்க்கு, நேரே நிறுத்தி அளக்க வேண்டும். “அவரைப் பார்க்காதே. ஊசியைப் பார்” என்றாள். அது வேலை செய்தது. ஊசியைப் பார்க்கலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஊசியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மாதத்தில் அவள் என்னைப் பார்க்கப் பழகிவிட்டாள். என் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் பழைய காயம், வலப்பக்கம் சாய்ந்த மூக்கு, விசிறிபோன்ற காதுகள், எல்லாம் அவளுடைய தாளில் வரத் தொடங்கிவிட்டன என்று மற்ற மாணவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பயம் வந்தது.

ஏனென்றால் வருட முடிவில் ஒரு பெரிய படம் கீற வேண்டும். ஆறு வியாழக்கிழமை, ஒரே இருப்பு, ஒரே முகம், கரியில். அதற்குத்தான் பாஸா பெயிலா. பாஸ் ஆனவற்றைக் கல்லூரி மண்டபத்தில் மாட்டி, மாணவர்களின் குடும்பங்களைக் கூப்பிடுவார்கள். முந்திய வருடங்களிலும் என் முகம் அங்கே தொங்கியதுதான், ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவரும் அங்கே வந்ததில்லை. இம்முறை சுகந்தியின் மாமியார் வருவார். அந்த மனுசிக்கு ஒரு செய்தி கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மெல்பேர்ன்வரை போய்விடும்.

முதலாவது வியாழன் வகுப்பு முடிந்து ஸ்ரேசனில் அவளும் நானும் ரயிலுக்கு நின்றோம். அங்கேதான் அந்த ஈனமான வேலையைச் செய்தேன்.

“பிள்ளை, முகத்தைக் கொஞ்சம் மாத்திக் கீறினால் என்ன? ஆரெண்டு பிடிபடாமல். அந்தப் புருவத்தை மட்டும் விடுங்கோ, மூக்கைக் கொஞ்சம் நிமித்துங்கோ.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். “சரி அங்கிள்” என்றாள்.

வேறு யாரையும் நான் அப்படிக் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தாலும் அந்தச் சீனப் பெடியன் ஏன் என்று திருப்பிக் கேட்டிருப்பான். சுகந்தியால் கேட்க முடியாது. நான் அங்கிள். தன் ஒரு வருடத்தையும் கணவனின் பொறுமையையும் கொண்டுவந்து வைத்துக் கீறுகிறவளிடம் நான் பிழையாகக் கீறச் சொல்கிறேன், அவள் சரி என்கிறாள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

மூன்றாவது வியாழன். டொரத்தி சுகந்தியின் பின்னால் வந்து நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. வழக்கமான ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. “யார் இது?” என்றாள் டொரத்தி. “புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை அளந்து காட்டு.” சுகந்தி அளந்தாள். “நாடி?” அளந்தாள். எல்லாம் சரியாகவே சொன்னாள். 

“உனக்குப் பார்க்கத் தெரிகிறது. அளக்கவும் தெரிகிறது. பிறகு ஏன் பொய் கீறுகிறாய்?”

என் கண் ஆணியில். திரும்ப முடியாது. சுகந்தி வாய் திறப்பாள், அங்கிள்தான் சொன்னவர் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு ஒரு சத்தம் கேட்டது. கரியை எடுக்கும் தோல் துணியால் டொரத்தி அவளுடைய தாளைத் துடைக்கும் சத்தம், நீளமாக, மேலிருந்து கீழ்வரை, நாலு தரம். மூன்று கிழமை வேலை. “இன்னும் மூன்று வியாழன் இருக்கிறது. இப்படியே வந்தால் என்னால் உன்னைப் பாஸ் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டு டொரத்தி அடுத்த ஈசிலுக்குப் போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவும் கூடாது. அது கன்னத்தால் இறங்கி நாடியில் நின்று காய்ந்தது. என் வாழ்க்கையில் அதைவிட வெட்கப்பட்ட நாள் இல்லை.

இடைவேளையில் அவளைத் தேடிப் போனேன். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“பிள்ளை, என்ரை முகத்தையே கீறுங்கோ. உள்ளதை உள்ளபடி.”

“வேண்டாம் அங்கிள். உங்களுக்குக் கரைச்சல். எனக்கு இதில்லாட்டி வேலை இருக்குத்தானே.”

“விசர்க் கதை கதைக்காதேங்கோ. எனக்கு வாற கரைச்சலை நான் பாக்கிறன்.”

“ஆன்ரிக்குத் தெரிஞ்சால்?”

“இண்டைக்குச் சொல்லிப்போடுவன்.”

அன்றைக்குச் சொல்லவில்லை. பவளம் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டு நின்றாள், மாஸ்டருக்குப் பசிக்குதோ என்று பகிடியாகக் கேட்டாள். வாய்வரை வந்தது உள்ளே போய்விட்டது. அடுத்த வியாழன் சுகந்தி கரியை எடுக்கவில்லை. “ஆன்ரிக்குச் சொல்லிப்போட்டீங்களே?” என்று கேட்டாள். சொல்லவில்லை என்றால் கீறமாட்டாள் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. 

“ஓம், சொல்லிப்போட்டன். அவ சிரிச்சவ” என்றேன்.

அவள் உடனே தாள் முழுவதும் கரியைப் பூசத் தொடங்கினாள். அந்த மூன்று வியாழனும் அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, எழும்பி நிற்கவில்லை. ஒரு தரம், “நாடியைக் கொஞ்சம் உயத்துங்கோ, போனமுறை அப்பிடி இல்லை” என்று அதட்டினாள். நான் உயர்த்தினேன். என் கண் ஆணியில் இருந்தது, மனம் வீட்டில் இருந்தது. இன்றைக்குச் சொல்வோமா, சாப்பிட்ட பிறகு சொல்வோமா, ரயிலில் போகும்போது தொலைபேசியில் சொல்வோமா. எந்தச் சொல்லில் தொடங்குவது. இருபது நிமிடம், இடைவேளை, மறுபடி இருபது நிமிடம், அதே நினைவு. ஆறாவது வியாழன் டொரத்தி அவளுடைய ஈசிலுக்குப் பின்னால் கனநேரம் நின்றாள். “கையை எடு. முடிந்துவிட்டது” என்றாள். டொரத்தி அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

கண்காட்சி நாள் வந்துவிட்டது. இனி ஒளிக்க இடமில்லை. “வாரும், எங்கட கொலிஜ்ஜில படங்கள் வச்சிருக்கினம்” என்று பவளத்தைக் கூப்பிட்டேன். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. அவளோ மகளின் கலியாணத்துக்கு உடுத்த மாம்பழ நிறக் காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் முதல்முதலாக நான் அவளை அங்கே கூட்டிப் போகிறேன், அதுவும் ஓய்வு பெறுகிற நேரம். மாலை போட்டுப் பேசுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்தச் சேலையைப் பார்த்த பிறகு ரயிலில் என் வாய் திறக்கவே இல்லை.

மண்டப வாசலில் பாஸ் ஆனவர்களின் பெயர்கள் ஒட்டியிருந்தன. சுகந்தியின் பெயர் மூன்றாவது. என் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியது, மற்றது அப்படியே இருந்தது. பவளம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். “உங்கட பிள்ளையள் கீறினது எது?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர்ச் சுவரில் நான். ஆளுயரத் தாளில் நெஞ்சுக்கு மேலே. நானும் அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறேன். வெட்டுப்பட்ட புருவம், சாய்ந்த மூக்கு, காது, எல்லாம் இருந்தன. கீழே சிறிய அட்டையில் மாணவியின் பெயர், அதற்குக் கீழே ‘கதிரையில் இருந்தவர்’ என்று என் பெயர். பக்கத்தில் சுகந்தியின் மாமியார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“பவளம், இது மாஸ்டர் எல்லோ?” என்றார் அந்த மனுசி. “இவர் சொல்லிக் குடுக்கிறவர் எண்டெல்லோ நீர் சொன்னனீர்?”

பவளம் பதில் சொல்வதற்கிடையில் சுகந்தி ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆன்ரி, பெரிய உபகாரம். அங்கிள் உங்களிட்டச் சொன்னவுடனே நீங்கள் சிரிச்சனீங்களாமே. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கை ஓடினது.”

பவளம் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள், சுகந்தியைப் பார்த்தாள். ஒரு மூச்சு எடுக்கும் நேரம்தான்.

“ஓம் பிள்ளை, சிரிச்சனான்” என்றாள். பிறகு மாமியாரிடம் திரும்பி, “எங்கட அவர்தான். அசையாமல் இருக்கிறதெண்டால் லேசான வேலையே அக்கா? நீங்கள் ஒரு பத்து நிமிசம் வாய் அசைக்காமல் இருந்து பாருங்கோவன்” என்றாள். அந்த மனுசி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பவளம் டொரத்திக்குக் கை கொடுத்தாள், கேக் சாப்பிட்டாள், படத்துக்கு முன்னால் சுகந்தியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்ரேசன் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“எத்தினை வருசம்?”

“இருபத்தாறு.”

“உடுப்போடையோ?”

“அம்மாளாணை, உடுப்போடதான்.”

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தேன். 

“அந்தப் படத்தில ஏன் அப்பிடிப் பயந்துபோய் இருக்கிறீங்கள்?”

“எங்க பயந்தது? சும்மா இருந்தனான்.”

“எனக்குப் படம் கீறத் தெரியாது, பாக்கத் தெரியும். கண்ணும் வாயும் பயந்துபோய்க் கிடக்கு.”

இனிச் சொல்லப் பொய் ஒன்றும் என்னிடம் மிச்சமில்லை. “உம்மட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். எல்லா வியாழனும் அதேதான்.”

“என்னட்டையோ?” என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, டொரத்தியின் மாணவர்கள் பார்ப்பதுபோல, என் முகத்தை நெற்றியிலிருந்து நாடிவரை பார்த்தாள்.

“வீட்டிலயும் உங்களுக்கு இந்த முகம்தான். சாப்பிடேக்கை, கோயிலுக்கு வெளிக்கிடேக்கை, நான் கொலிஜ்ஜைப் பற்றி ஏதும் கேக்கேக்கை, இதே முகம்தான். பயமெண்டு எனக்குத் தெரியேல்லையே அப்பா. உங்கட முகமே அப்பிடித்தான் எண்டெல்லோ இவ்வளவு வருசமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”